பரு குறையலையா? உங்க மேக்கப் பிரஷ்ஷைப் பாருங்க!

ஃபவுண்டேஷனை மாத்தியாச்சு, ஃபேஸ்வாஷை மாத்தியாச்சு. ஆனாலும் கன்னத்தில் பரு குறையவே இல்லையா? காரணம் மேக்கப் பிரஷ்ஷாகவும் இருக்கலாம். பழைய மேக்கப், எண்ணெய்ப்பசை, இறந்த செல்கள் எல்லாம் அதில் தங்கிவிடும். பாக்டீரியா வளர அது போதும்.

7 முதல் 10 நாள்களுக்கு ஒருமுறை பிரஷ்ஷைக் கழுவச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி. தனி க்ளென்சர் வாங்கணும்னு அவசியமில்லை. பேபி ஷாம்பூவே போதும். பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடித்து, வெதுவெதுப்பான நீரில் முடியை மட்டும் நனையுங்கள். உள்ளங்கையில் ஒரு சொட்டு ஷாம்பூ விட்டு மெதுவாகச் சுழற்றி, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். முதலில் இறங்கும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தா ஷாக் ஆகிடுவீங்க!

பலரும் சொதப்புவது இதற்குப் பிறகுதான். பிரஷ்ஷின் உலோக வளையத்துக்குள் முடியைப் பிடித்திருப்பது பசை. அங்கே தண்ணீர் இறங்கினால் பசை இளகி, முடி கொட்டத் தொடங்கும். அதனால கப்பில் ஊறப்போடாதீங்க, ஈரத்தோடு நிமிர்த்தியும் வைக்காதீங்க. டவலால் ஒற்றி, முடியை நீவிவிட்டு, மேஜை விளிம்பில் முடிப்பகுதி வெளியே நீட்டியிருக்கும்படி படுக்கவையுங்கள். டவல் மேலேயே வைத்தால் அடியில் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கலாம். ஃபேன் காற்று போதும்; ஹேர் டிரையர் வேண்டாம். ராத்திரி கழுவினால் பெரும்பாலும் காலையில் ரெடி. அடர்த்தியான பவுடர் பிரஷ்தான் கொஞ்சம் அடம்பிடிக்கும்.

ஐ ஷேடோ பிரஷ்ஷை மட்டும் யாருக்கும் கடன் கொடுக்காதீங்க, கண்ணில் தொற்று வரலாம். கேட்பது தங்கச்சியா இருந்தாலும் நோ!