கிடங்குகளை இடம் மாற்றிய வரி

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கும் ஊர் மேனாம்பேடு. 1960-களில் தொழிற்பேட்டை வந்த பிறகு இந்தச் சுற்றுவட்டாரத்தில் தொழிற்சாலைகளோடு குடோன்களும் பெருகின. சோப்பு, பிஸ்கட், மருந்து எனப் பன்னாட்டு நிறுவனங்களின் சரக்கு இதுபோன்ற புறநகர்க் குடோன்களில் இறங்கித்தான் தமிழ்நாட்டுக் கடைகளுக்குப் போனது.

அதே நிறுவனங்கள் பெங்களூரில் ஒன்று, கொச்சியில் ஒன்று, புதுச்சேரியில்கூட ஒன்று என்று தனித்தனிக் குடோன்களும் வைத்திருந்தன. புதுச்சேரி சென்னையிலிருந்து சுமார் 150 கி.மீ. தான். காலையில் கிளம்பும் லாரி மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு எதற்குத் தனிக் குடோன்?

காரணம், 1956-ஆம் ஆண்டின் மத்திய விற்பனை வரிச் சட்டம். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குச் சரக்கை விற்றால் இந்த வரி கட்ட வேண்டும். முதலில் 1 சதவீதமாக இருந்தது, 1975-ல் 4 சதவீதமானது. பின்னாளில் மாநிலங்களில் வாட் வரி வந்தபோதும், கட்டிய மத்திய விற்பனை வரியை அதில் கழித்துக்கொள்ள முடியாது. ஆனால் நிறுவனம் தன் சரக்கைத் தன் சொந்தக் கிளைக்கே அனுப்பினால் அது விற்பனை ஆகாது, இந்த வரியும் இல்லை. 'எஃப்' படிவம் இருந்தால் போதும். எனவே மாநிலத்துக்கு ஒரு குடோன் என்பது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் நிறுவனம் அதைத் தானே நடத்தாது. 'சி அண்டு எஃப்' ஏஜெண்ட் எனப்படும் உள்ளூர் வியாபாரி இடமும் ஆளும் ஏற்பாடு செய்து, கமிஷன் வாங்கிக்கொள்வார்.

இதனால் வரி மிச்சம், ஆனால் சரக்கு தேக்கம். ஒவ்வொரு குடோனும் "திடீரென்று கேட்டால்?" என்று கொஞ்சம் கூடுதலாக வைத்திருந்தாக வேண்டும். கொச்சியில் தட்டுப்பாடு, பெங்களூரில் அதே பொருள் தூசி படிந்து கிடக்கும். 1976-ல் டேவிட் மெய்ஸ்டர் விளக்கிய வர்க்கமூல விதிப்படி, 25 குடோன்களை 4 ஆகக் குறைத்தால் இந்தக் கூடுதல் இருப்பு 5-க்கு 2 என்ற அளவுக்கு இறங்கும். ஐரோப்பாவில் 1993-ல் ஒற்றைச் சந்தை வந்து எல்லைச் சுங்கச் சோதனை நீங்கியதும் பல நிறுவனங்கள் நாட்டுக்கொரு கிடங்கைக் கைவிட்டன. நைக்கி நிறுவனம் 1994-ல் பெல்ஜியத்தின் லாக்டாலில் ஐரோப்பா முழுமைக்குமான மையக் கிடங்கைத் திறந்தது. ஒரே நாடான இந்தியா அதற்குப் பின்னும் 23 ஆண்டுகள் காத்திருந்தது வேடிக்கைதான்.

மத்திய விற்பனை வரி 2007-ல் 3, 2008-ல் 2 சதவீதம் என்று குறைந்தது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததும், வேறு மாநிலத்தில் வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியையும் கழித்துக்கொள்ளலாம் என்றானது. பல மாநிலங்கள் வணிகவரிச் சோதனைச்சாவடிகளையும் மூடின. எல்லாக் குடோனும் ஒரே நாளில் மூடப்படவில்லை. ஒப்பந்தங்கள் முடிய முடிய, சிறியவை பெரியவற்றோடு சேர்ந்தன.

சென்னையைச் சுற்றி இந்தப் பெரிய கிடங்குகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செங்குன்றம் பக்கம் நெடுஞ்சாலையோரமாக எழுந்தன. பழைய குடோனில் பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசிச் சுமைதூக்கும் தொழிலாளர்கள் லாரியை இறக்கினார்கள். புதிய கிடங்கில் அடுக்குகள் கூரை வரை உயர்ந்திருக்கும், ஃபோர்க்லிஃப்ட் ஒரே தடவையில் ஒரு பலகை நிறையப் பெட்டிகளைத் தூக்கி வைத்துவிடும். அங்கே தேவைப்படுவது அதை ஓட்டத் தெரிந்தவரும் ஸ்கேனர் பிடிக்கத் தெரிந்தவரும்தான்.