கிருஷ்ணனுக்கு முன்னால் ஒரு பெண்

கோவில்பட்டியில் மட்டை என்றாலே ஹாக்கி மட்டைதான். டென்னிஸ் பேச்சு வந்தால் ராமநாதன் கிருஷ்ணனோடு நிறுத்திக்கொள்வோம். அவருடைய அப்பா டி.கே. ராமநாதன் தென்காசிக்காரர் என்பதால் நமக்குக் கொஞ்சம் உரிமை வேறு! 1954-இல் விம்பிள்டன் ஜூனியர் ஆண்கள் பட்டத்தைக் கிருஷ்ணன் வென்றார்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1952-இல், ரீட்டா தாவர் என்ற இந்தியப் பெண் அதே விம்பிள்டனில் ஜூனியர் பெண்கள் ஒற்றையர் இறுதி ஆட்டம் வரை போயிருக்கிறார். எதிரே நெதர்லாந்தின் ஃபென்னி டென் போஸ். முதல் செட் 7-5 என்று ரீட்டாவுக்கு. அடுத்த செட் 1-6. கடைசி செட்டை 5-7 என்று விட்டார். அவ்வளவு நெருக்கம். இன்றுவரை எந்த இந்தியப் பெண்ணும் அந்த ஒற்றையர் பட்டத்தை வென்றதில்லை. ஆனாலும் கிருஷ்ணனைத் தெரிந்த நம்மில் எத்தனை பேருக்கு ரீட்டாவைத் தெரியும்?

அன்று அது அமெச்சூர் ஆட்டம். ஜெயித்தாலும் பரிசுப் பணம் கிடையாது. லண்டன் போய்வரும் செலவுக்கு வசதியான குடும்பமோ, ஆதரிக்கும் ஆட்களோ வேண்டும். 1934-லேயே விம்பிள்டனில் ஓர் ஆட்டம் ஜெயித்த முதல் இந்தியப் பெண் லீலா ராவ், படித்த, வசதியான பம்பாய்க் குடும்பத்தவர். மழையை நம்பிப் பருத்தி போட்ட கரிசல்காட்டு வீட்டுப் பெண்ணுக்கு டென்னிஸ் மட்டையே எட்டாத பொருள்.

1968-இல்தான் விம்பிள்டனில் பரிசுப் பணம் வந்தது. ஆண்கள் ஒற்றையர் சாம்பியனுக்கு 2,000 பவுன், பெண்கள் சாம்பியனுக்கு 750. பேங்க் கவுன்ட்டரில் உட்கார்ந்தவனுக்கு இந்தக் கணக்கு உறுத்தத்தான் செய்கிறது. இரண்டும் சமமானது 2007-இல்.