குரல்வழி எழுதும் செயலிக்கு அனுமதி அளித்தல்

பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் செயலி, கணினியின் ஒலிவாங்கியையும் பிற செயலிகளின் எழுதுமிடத்தையும் உபயோகிப்பதற்கு உடையவர் தரும் சம்மதம். 2017ஆம் ஆண்டு கூகுள் தன் குரல் உள்ளீட்டில் தமிழைச் சேர்த்தபோது இலங்கைத் தமிழையும் தனி வகையாக வகுத்தமையால், திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் முதலிய ஊர்களின் உச்சாரணத்திற்கும் இவ்வசதியில் ஓரிடம் கிடைத்தது. இது சாமானியமான பேறன்று.

மாக் கணினிகளில் 2018இல் வெளியான மொகாவே பதிப்பு முதல், ஒலிவாங்கிக்குத் தனி அனுமதி அவசியமாயிற்று. கேட்ட சொல்லை வேறொரு செயலியின் சாளரத்தில் தானே பதிக்க விழையும் செயலியோ, அங்கவீனர்களின் நன்மைக்கென ஏற்பட்ட அணுகல்வசதி அனுமதியையும் கோருகிறது. பிற சாளரங்களை இயக்கும் சக்தியையே அது கொடுத்துவிடுவதால், இரண்டினுள் அதுவே பாரதூரமானது; நிதானித்தே அளிக்கத்தக்கது. அளித்தபின் செயலியை மூடித் திறந்தாலன்றிச் சில வேளைகளில் பலன் தெரியாது.

கடற்காற்றும் படகு இயந்திரத்தின் இரைச்சலும் மிகுந்த கரையில், சொற்கள் பிழைபடுவதை அனுமதிக் குறையென்று கருதுதல் தவறு. செயலியில் தெரியும் ஒலியளவுக் கோடு பேசும்போது அசைந்தால் ஒலிவாங்கி அனுமதி உண்டு, குறை இரைச்சலினதே.

அளித்த அனுமதியைத் தனியுரிமை அமைப்புகளில் எப்போது வேண்டுமாயினும் மீளப் பெறலாம்.