பெட்ரோலா, கரண்டா, கம்ப்ரஷனா?

பெரம்பலூருக்கு இன்றும் ரயில் கிடையாது. ரயிலேற வேண்டுமானால் அரியலூருக்கு முப்பது கிலோமீட்டர் போக வேண்டும். பால் கேனும் சின்ன வெங்காய மூட்டையும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பும் வண்டி, எவ்வளவு உதைத்தும் எழவில்லையென்றால் அன்றைய வரும்படி போச்சு. அந்த அவசரத்தில்தான் எங்கள் பட்டறைத் தொழில் வளர்ந்தது.

முதலில் வந்தது புல்லட். ராணுவத்துக்கென்று இங்கிலாந்திலிருந்து இறங்கிய வண்டியை, 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனி திருவொற்றியூரில் தயாரிக்க ஆரம்பித்தது. அதை உதைப்பதற்கே ஒரு முறை உண்டு. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக மிதிக்க வேண்டும். ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வந்தால் பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்து, கிக்கரைக் கொஞ்சம் தாண்டவிட்டு, லீவரை விட்டு, முழு மூச்சாக ஓர் உதை. முள்ளைப் பார்க்காமல் உதைத்தவர் காலைத்தான் கிக்கர் திருப்பி அடித்தது. வண்டி தன் நிலைமையைத் தானே காட்டிய காலம் அது.

அறுபதுகளில் மைசூரிலிருந்து ஜாவா வந்தது. 1973-க்குப் பிறகு அதன் பெயர் எஸ்டி. கூடவே ராஜ்தூத். 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தபிறகு வயக்காட்டு வரப்பிலும் வண்டி ஓடியது. எல்லாம் பெட்ரோலோடு ஆயில் கலந்து குடிக்கும் டூ ஸ்ட்ரோக். ஆயில் கூடினால் பிளக் அடைத்துக்கொள்ளும். உப்புத்தாளால் பிளக் தேய்க்கத் தெரியாத வண்டிக்காரர் அன்று எங்கள் பக்கம் அபூர்வம். சைலன்சர் கரி பிடித்து அடைத்தால், அதைக் கழற்றி நெருப்பில் போட்டுக் காய்ச்சித் தட்டுவோம்.

"தம்பி, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு" என்று தள்ளிக்கொண்டு வருவார்கள். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் வண்டியைத் தொடாமல் எங்களிடம் கேட்பார்: "பெட்ரோலா, கரண்டா, கம்ப்ரஷனா? பாத்துட்டுச் சொல்லுடா." பிளக்கைக் கழற்றி, ஈரமா, காய்ந்திருக்கிறதா என்று பார்ப்போம். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. டேங்க் குழாயையும் கார்புரேட்டர் ஜெட்டையும் ஊதிப் பார்க்க வேண்டும். ஈரமாயிருந்தால் பிளக்கைக் கேப்பில் மாட்டி இன்ஜின்மேல் சாய்த்து உதைக்க வேண்டும். நீலமாகப் படபடவென்று பொறி வந்தால் கரண்ட் சரி. சிவப்பாக மங்கினால் பாயிண்ட், கண்டென்சர், காயில் என்று போக வேண்டும். இரண்டும் சரியென்றால் பிளக் ஓட்டையில் விரலை வைத்து உதைக்கச் சொல்வார். விரலைத் தள்ளிவிட்டால் கம்ப்ரஷன் இருக்கிறது. இத்தனைக்கும் வேண்டியது ஒரு பிளக் ஸ்பேனர்தான்.

அரியலூர் வண்டிகளில் கம்ப்ரஷன் கோளாறு அதிகம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த நிலம் அது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் 1979-இல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது, தனியார் ஆலைகளும் வரிசையாக வந்தன. கல் லாரி போகும் சாலையின் புழுதி ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போய் ரிங்கையும் போரையும் அரைத்துவிடும். ஃபில்டரைத் திறந்தால் மாவு கொட்டும். ஊர்க்காரர்கள் நெஞ்சுக்குள்ளும் அதுதானே போகிறது என்று எனக்கு அப்போதெல்லாம் பதறும்.

1985-இல் வந்த ஆர்எக்ஸ் 100-இல் பாயிண்ட் இல்லை; சிடிஐ என்று ஒரு மூடின பெட்டி. அதைத் திறக்கவும் முடியாது, தேய்க்கவும் முடியாது. சந்தேகம் வந்தால் ஓடுகிற வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டிப் பார்ப்போம். பழுது கண்ணுக்கு மறைய ஆரம்பித்தது அந்தப் பெட்டியில்தான்.

1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001-இல் அரியலூர் பிரிந்து, மறு வருடமே திரும்பச் சேர்ந்து, 2007-இல் மறுபடி பிரிந்தது. திருச்சியின் 45 போய், நம்பர் பிளேட்டில் 46-உம் 61-உம் வந்தன. பட்டறைக்கு அதனால் ஒன்றும் மாறவில்லை. மாற்றியது 2020 ஏப்ரல் 1. பிஎஸ் 6 விதி வந்ததும் அநேகமாக எல்லாப் புது வண்டியிலும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. இப்போது சாவியைப் போட்டதும் டேங்குக்குள் பம்ப் இரண்டு நொடி முனகுகிறதா என்று காது கொடுக்கிறோம். முனகல் இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, பேட்டரி. பேட்டரி செத்துப்போனால் பம்ப் ஓடாது. தள்ளி ஸ்டார்ட் பண்ணும் வித்தையும் பலிக்காது. பெட்ரோலில் கலக்கிற எத்தனால் மழைக்காலத்தில் தண்ணீரை இழுத்துக்கொண்டு டேங்கின் அடியில் தங்குகிறது.

மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தால் என்ன கோளாறு என்று வண்டிக்குத் தெரியும். அதைப் படிக்கும் ஸ்கேனரும் வயரிங் படமும்தான் கம்பெனி சர்வீஸ் சென்டரோடு நின்றுவிடுகின்றன. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022-இல் இணையதளம் திறந்தது. அதில் வாகனங்களும் உண்டு. அந்த வயரிங் படங்களைத் தமிழில் அச்சடித்து வேப்பந்தட்டையிலும் செந்துறையிலும் உள்ள பட்டறைகளுக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் பையன்களுக்கு மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும். எந்த வயரில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று யாராவது சொன்னால் மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.