வடலூர் அடுப்பும் கடலூர்த் தொட்டிலும்

சென்ற வாரம் செங்கல்பட்டுச் சீர்திருத்தப் பள்ளி வரை வந்தோம். பிடிபட்ட சிறுவனைப் பெரிய கைதிகளோடு அடைக்காமல் இருந்தால் போதும் என்பதே அந்நாளைய அரசின் கருணை. 1920இல் சென்னை மாகாணம் இந்தியாவிலேயே முதலாவதாகக் குழந்தைகள் சட்டம் கொண்டுவந்தது. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும்தான் பின்னால் வந்தன. பெருமைப்படலாம்தான். ஆனால், தெருவில் பிச்சையெடுத்த பிள்ளைக்கும் திருடிய பிள்ளைக்கும் அந்தச் சட்டம் காட்டிய வாசல் ஒன்றே: நீதிமன்றம். பசித்தவன் முதலில் மாஜிஸ்திரேட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நெய்வேலிக்குப் பக்கத்தில், குறிஞ்சிப்பாடி வட்டத்து வடலூரில், அதற்கு அரை நூற்றாண்டு முன்பே வேறொரு வாசல் திறந்திருந்தது. 1867 மே 23 அன்று வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். நிலம் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்தது, 80 காணி. அடுப்பு 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம். அன்று மூட்டிய நெருப்பை இன்றுவரை அணையவிடவில்லை. குழந்தைகளுக்கென்று ஏற்பட்ட இடமல்ல அது. ஆனாலும் பந்தியில் உட்காரும் பிள்ளையிடம் என்ன சாதி, அப்பா யார் என்று எவரும் விசாரிப்பதில்லை.

இந்த வாசலுக்குக் கோட்டையிலிருந்தே ஒருவர் வந்து சேர்ந்தார். 1947 முதல் 1949 வரை மாகாண ஆட்சிக்குத் தலைமை வகித்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், பதவியை விட்டதும் வடலூருக்கு வந்து சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவினார். பள்ளியும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லமும் எழுந்தன. முன்னாள் முதல்வர்கள் இப்படியும் ஓய்வுக்காலத்தைக் கழித்திருக்கிறார்கள்!

சட்டம் மெதுவாகத்தான் நகர்ந்தது. குற்றம் செய்த சிறாருக்கு நீதிமன்றம், கைவிடப்பட்டவர்களுக்குத் தனி நல வாரியம் என்று நாடு முழுவதற்குமாகப் பிரித்தது 1986ஆம் ஆண்டுச் சட்டம். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வாரியம் குழந்தைகள் நலக் குழு ஆனது.

கடைசியில் அரசும் கேள்வி கேட்காத வாசல் ஒன்றைத் திறந்தது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் ஜெயலலிதா தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2011இல் கடலூர் மாவட்டத்துக்கும் வந்தது. காரணம், அவ்வாண்டின் மக்கள்தொகைக் கணக்கு. ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1,000 பேருக்கு இம்மாவட்டத்தில் பெண் குழந்தைகள் 896 பேர்தான். பத்தாண்டுக்கு முன் 957.

தாய் பெயர் சொல்ல வேண்டாம். தொட்டிலில் விட்டுவிட்டுப் போகலாம். உயிர் தப்புகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பெண்பிள்ளை வேண்டாம் என்கிற வீட்டுக்கு இது சௌகரியமாகவும் போகிறது என்ற விமர்சனம் சேலத்து நாளிலிருந்தே உண்டு. எனக்கும் அதே எண்ணம்தான். தருமச்சாலையில் கேள்வி கேட்காததால் பிள்ளைக்குச் சோறு கிடைத்தது. இங்கே கேள்வி கேட்காததால் தப்பித்துக்கொள்வது அந்தக் குடும்பமும்தான். 896க்கு யார் பதில் சொல்வது?

அடுத்த வாரம்: 2004 சுனாமிக்குப் பின் கடலூரில் திறந்த அரசு இல்லம்.

(தொடரும்)