ஆண்டின் இரு தலைகள்: மட்டாஞ்சேரி யூதர் வழக்கும் எபிரேய மறைநூலின் ஆயத்தச் சொற்களும்

முன்னுரை

கொச்சி மட்டாஞ்சேரியில், அரண்மனைக்கும் பழையன்னூர் பகவதி கோயிலுக்கும் அருகே, 1568இல் எழுப்பப்பெற்ற பரதேசி யூதப்பள்ளி உள்ளது. அதன் மணிக்கூண்டு 1760இல் எசக்கியேல் ரஹாபி என்னும் வணிகரால் அமைக்கப்பெற்றது. கூண்டின் ஒரு முகம் எபிரேய எழுத்தெண்களையும், மற்றொன்று உரோம எண்களையும், வேறொன்று மலையாள எண்களையும் காட்டும். இப்பள்ளியில் போற்றப்படும் செப்பேடுகள், கி.பி. 1000ஐ ஒட்டிப் பாஸ்கர ரவிவர்மன் என்னும் சேர மன்னன் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ண உரிமைகளை அளித்ததைக் கூறுவன. அவை வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை. எனவே தமிழ் ஆய்வுலகுக்கும் உரியவை.

எபிரேய மறைநூலில் ஆயத்தம், புதுத்தொடக்கம் ஆகிய கருத்துகளைச் சுட்டும் சொற்கள் பெரும்பாலும் வீடு, உடல், நாள் ஆகியவற்றைச் சார்ந்த செயற்சொற்களாகும். தமிழாக்கத்தில் அவை உள்ளத்தைச் சார்ந்த சொற்களாகச் சுருங்குகின்றன. இச்சுருக்கத்தை மட்டாஞ்சேரி யூதர் வழக்கின் துணைகொண்டு விளக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திங்களும் புதுமையும்

எபிரேயத்தில் மாதத்தைக் குறிக்க இரு சொற்கள் உள. 'யேரஹ்' என்பது நிலவைக் குறிக்கும் 'யாரேயஹ்' என்பதனோடு தொடர்புடையது. தமிழின் 'திங்கள்' இதற்கு நேர் நிகராகும். 'ஹோதெஷ்' என்பதோ புதுமையைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது, புதுப்பிறையையும் குறிக்கும். யாத்திராகமம் 12ஆம் அதிகாரம் எகிப்தை விட்டு வெளியேறும் மாதத்தை மாதங்களின் தலையாக விதிக்குமிடத்து ஆள்வது இரண்டாவது சொல்லையே. அங்கு 'மாதம்' என்று பெயர்க்கும்போது பொருள் பிறழ்வதில்லை. ஆயினும் ஒவ்வொரு மாதமும் ஒரு புதுமை என்னும் குறிப்பு மறைகிறது.

அம்மாதமே பிற்காலத்தில் நீசான் எனப்பட்டது. ஏறத்தாழப் பங்குனி–சித்திரையில் வரும். எனினும் யூதர் ஆண்டு மாறுவது ஏழாம் மாதமாகிய திஷ்ரியில், அதாவது புரட்டாசி–ஐப்பசியை ஒட்டியாகும். லேவியராகமம் அந்நாளை எக்காளம் முழங்கும் நினைவுநாள் என்கிறதேயன்றிப் புத்தாண்டு என்று கூறவில்லை. 'ரோஷ் ஹஷானா', அதாவது ஆண்டின் தலை, என்னும் தொடர் மறைநூலில் எசேக்கியேல் 40ஆம் அதிகாரத் தொடக்கத்தில் மட்டுமே வருகிறது. மிஷ்னாவோ ஆண்டுத் தொடக்கங்கள் நான்கு என வகுக்கும்.

ஓர் ஆண்டுக்கு இரு தலைகள் இருத்தல் கேரளத்தார்க்குப் புதுமையன்று. மேடத்தில் விஷு, சிங்கத்தில் கொல்லம் ஆண்டுப் பிறப்பு. தமிழரிடையேயும் சித்திரை, தை ஆகிய இரண்டும் தொடக்கமாகப் பேசப்படுதல் காண்க. திஷ்ரிக்கு முந்திய எலூல் மாதம், தைக்கு முந்திய மார்கழியைப் போல், நோக்கிக் காத்திருத்தற்குரிய மாதமாகும்.

புளித்த மாவும் வீடும்

பஸ்கா எனத் தமிழாக்கம் வழங்கும் பெசஹ் திருநாளின் ஆயத்தம் வீட்டில் தொடங்குகிறது. ஏழு நாளும் வீட்டில் புளிப்பு இருத்தல் கூடாது என்பது விதி. எபிரேயம் உறைமாவைச் 'செஓர்' என்றும் புளித்த பண்டத்தை 'ஹாமேட்ஸ்' என்றும் வேறுபடுத்தும். 'புளித்த மா' எனக் கேட்கும் தமிழ் வாசகர் தோசை மாவையே எண்ணுவர். ஆனால் யூத மரபில் ஹாமேட்ஸ் ஆகக்கூடியவை கோதுமை, வாற்கோதுமை முதலிய ஐந்து தானியங்களே. அரிசி அவற்றுள் அடங்காது; எனவே கொச்சி யூதர் திருநாளிலும் சோறுண்டனர். கோதுமை மணி ஒன்றும் கலவாதிருக்க அரிசியை மணிமணியாக ஆய்ந்தனர்.

பல வாரங்களுக்கு முன்பே சுவர்கள் வெள்ளையடிக்கப்படும்; திருநாளுக்கெனத் தனிக் கலங்கள் எடுக்கப்படும். நேதன் கட்ஸ், எல்லன் கோல்ட்பர்க் ஆகியோர் 1993இல் வெளியிட்ட நூலில், இக்கடும் தூய்மை பேணலைச் சூழவிருந்த உயர்சாதி இந்துக்களின் ஆசாரத்தோடு ஒப்பிட்டு விளக்கினர். தமிழரின் போகிநாளும் பொங்கற் புதுப்பானையும் இதற்கு அணிமையான ஒப்புமையாகும்.

தூய்மையும் விலக்கும்

யோர்தானைக் கடக்குமுன் யோசுவா மக்களுக்கு இட்ட கட்டளையில் வரும் 'ஹித்கத்தஷு' என்னும் வினை 'பரிசுத்தம்பண்ணுதல்' எனப் பெயர்க்கப்படுகிறது. 'கதோஷ்' என்பதன் உட்கருத்தாக அறிஞர் பலர் கொள்வது பிரித்து வைக்கப்படுதல் ஆகும். 'சுத்தம்' அழுக்கின்மையை மட்டுமே உணர்த்தும்.

பிரித்தலின் மறுபக்கத்தையும் மட்டாஞ்சேரி கண்டது. விடுதலைபெற்ற அடிமைகளின் வழித்தோன்றல்களுக்குப் பரதேசிப் பள்ளியில் சம உரிமை மறுக்கப்பட்டது. அவருள் ஒருவரான வழக்கறிஞர் ஏ.பி. சேலம் (1882–1967) அறப்போர் நெறியில் அதனை எதிர்த்தார். நாளையும் கலத்தையும் பிரிக்கும் சொல் மனிதரையும் பிரிக்கக்கூடும் என்பதை மொழிபெயர்ப்பாளர் மறத்தலாகாது.

திரும்புதல்

'ஷூவ்' என்னும் வினை கால்களால் திரும்பி வருதலையும் இறைவனிடம் மீளுதலையும் ஒருங்கே குறிக்கும். உபாகமம் 30ஆம் அதிகாரத்தில் மக்கள் இறைவனிடம் திரும்புதலும், சிதறியோர் நாட்டுக்கு மீட்கப்படுதலும் இவ்வொரு வேராலேயே பின்னப்பட்டுள்ளன. தமிழின் 'மனந்திரும்புதல்' ஒருவகையில் சிறந்த ஆக்கம்; திரும்புதல் அதில் காக்கப்பட்டுள்ளது. ஆனால் 'மனம்' என்னும் முன்சொல் வழியையும் ஊரையும் நீக்கிவிடுகிறது.

1950களின் நடுப்பகுதிக்குள் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் வாழும் ஊர்களுள் நேகெவ் பகுதியிலுள்ள நெவாத்திம் ஒன்று. அவர்க்கு அப்பயணம் 'ஷூவ்' என்பதன் இரு பொருளையும் தாங்கியது. அதே பயணம் மட்டாஞ்சேரித் தெருவை வெறுமையாக்கியது. இன்று அங்கு எஞ்சியோர் மிகச் சிலரே. முறையான பொது வழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆடவரும் வெளியூரார் வந்தாலன்றிக் கூடுவதரிது.

முடிவுரை

அரிசி ஆய்ந்த கைகளும் சுவர் வெளுத்த கைகளும் அத்தெருவினின்று நீங்கும்போது, மறைநூற் சொற்களுக்கு நம் நாட்டில் இருந்த நடைமுறை அகராதி ஒன்று நீங்குகிறது. அதன் ஒரு பகுதி பெண்கள் ஏடுகளில் எழுதிக் காத்த மலையாளப் பாடல்களில் எஞ்சியுள்ளது. அவற்றுட் பல 2005இல் ஸ்கறியா சக்கரியா, ஒஃபிரா கம்லியேல் ஆகியோரால் எபிரேய மொழிபெயர்ப்புடன் எருசலேமில் பதிப்பிக்கப்பெற்றன. அப்பாடல்களில் இறைவன் 'தம்பிரான்' என விளிக்கப்படுகிறான். தமிழர்க்கும் நெடுநாள் உரிய சொல் அது.

எனவே, மறைநூலைப் பெயர்ப்போர் முன்னைத் தமிழாக்கங்களோடு இப்பாடல்களின் சொல்லாட்சியையும் ஒப்புநோக்குதல் வேண்டும். மேற்கூறிய சொற்கள் வருமிடங்களில் செயலைச் சுட்டும் சிறுகுறிப்பேனும் சேர்த்தல் நலம். எண்ணாகமம் 9ஆம் அதிகாரம், தொலைவழியில் இருந்தமையால் பெசஹ் கொண்டாட இயலாதவனுக்கு அடுத்த மாதத்தில் மற்றொரு நாளைத் தருகிறது. அங்கும் புளிப்பில்லா அப்பம் வேண்டும். ஆயத்தம் தள்ளிவைக்கப்பட்டதேயன்றித் தள்ளுபடி செய்யப்படவில்லை.