பேரரசருக்காக மன்றாடியோர்

பிறருக்காக மன்றாடுவதன் நோக்கம் அவர்தம் தேவைகளைக் கடவுளிடம் எடுத்துரைப்பது மட்டும்தானா? தொடக்கக் கிறித்தவ வரலாறு மற்றொரு நோக்கத்தையும் காட்டுகிறது.

உரோமைப் பேரரசருக்குப் பலியிட மறுத்த கிறித்தவர்கள் அரசின் பகைவர் எனப் பழிக்கப்பட்டனர். ஏறத்தாழ 197ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரத் தெர்த்துல்லியன் தமது தற்காப்புரை நூலில் இதற்கு விடையிறுத்தார்: கிறித்தவர்கள் பேரரசரின் நீடுவாழ்வுக்காகவும் ஆட்சியின் உறுதிக்காகவும் மன்றாடுகின்றனர், ஆயினும் அவரைக் கடவுள் என அழையார்.

இவ்வழக்கம் அவர் தோற்றுவித்ததன்று. மன்னர்களுக்காக மன்றாடுமாறு திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம் பணிக்கிறது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே, பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட யூதர்களிடம், அந்நகரின் நலனுக்காகவே மன்றாடும்படி எரேமியா எழுதினார்.

'அவரிடம்' வேண்டுவதற்கும் 'அவருக்காக' வேண்டுவதற்கும் இடையே வேற்றுமை உருபு ஒன்றே மாறுகிறது. ஆனால் அம்மாற்றத்தில் ஓர் இறையியல் அடங்கியுள்ளது. யாருக்காக மன்றாடுகிறோமோ அவரும் அருளை நாடி நிற்கும் மனிதரே. எனவே பேரரசருக்கான மன்றாட்டு நல்லெண்ணமாகவும் மறுப்பாகவும் ஒருங்கே விளங்கியது.

இன்றும் வழிபாடுகளில் ஆட்சியாளருக்கான மன்றாட்டு இடம்பெறுகிறது. அது மன்றாட்டாகவே நிற்கிறதா, புகழுரையாகத் திரிந்துவிட்டதா என்பதை அளந்தறிய இவ்வரலாறு துணைபுரியும்.